திறந்த நீதிமன்றம் என்னும் கருத்தாக்கம்: திருக்கோவிலூர் வட்டாரச் சான்றுகளும் மின்னணு நீதிமன்றத் திட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய நீதிமன்றங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் கணினிமயமாகியுள்ளன. இம்மாற்றம் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற பெயரால் குறிக்கப்படுகிறது. ஆயினும் ஒரு வழக்கின் தரவு இணையத்தில் கிடைப்பதும், வழக்காடுபவர் தம் வழக்கை அறிந்துகொள்வதும் ஒன்றல்ல. திருக்கோவிலூர் வட்டாரத்தின் சோழர்காலக் கல்வெட்டுகள், பெரியபுராணம் காட்டும் வெண்ணெய்நல்லூர் அவை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் அறிவிப்பு முறைகள் ஆகியவற்றை மின்னணு நீதிமன்றத் திட்டத்தோடு ஒப்பிட்டு, ‘திறந்தநிலை’ என்பதன் பொருள் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறந்த நீதிமன்றம், ஜம்பைக் கல்வெட்டு, மின்னணு நீதிமன்றம், வழக்காடு மொழி, கல்வராயன் மலை, மறக்கப்படும் உரிமை.

முன்னுரை

‘திறந்த நீதிமன்றம்’ என்ற தொடர் இன்று இருவேறு பொருள்களில் ஆளப்படுகிறது. சட்ட நூல்களில் அது கதவு திறந்திருக்கும் நீதிமன்றத்தைக் குறிக்கும். இடமுள்ள அளவுக்கு எவரும் உள்ளே வந்து அமர்ந்து விசாரணையைக் காணலாம் என்பதே அதன் கருத்து. அரசின் திட்ட அறிக்கைகளில் அதே தொடர், தரவுகள் திறந்திருக்கும் நீதிமன்றத்தைக் குறிக்கிறது. முதற்பொருளுக்கு நெடிய சட்ட மரபு உண்டு. இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1913இல் ஸ்காட் வழக்கில் அளித்த தீர்ப்பும், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1966இல் நரேஷ் ஸ்ரீதர் மிராஜ்கர் வழக்கில் அளித்த தீர்ப்பும் அம்மரபின் அடித்தளங்கள். நீதி பொதுமக்கள் முன்னிலையில் வழங்கப்படுதலே பொதுவிதி, மூடிய விசாரணை விதிவிலக்கு என்பதை இரண்டும் ஏற்கின்றன. மிராஜ்கர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள், நீதியின் தேவைக்காகச் சாட்சியம் வெளியிடப்படுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு எனவும் கூறினர். திறப்பும் மூடலும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது.

இரண்டாம் பொருள் புதியது. அதை மதிப்பிடுவதற்கு முன்னர், ஒரு சிறு வட்டாரத்தில் நீதி எவ்வாறு ‘பொதுவில்’ வழங்கப்பட்டது என்பதைக் காண்பது பயன்தரும். பெண்ணையாற்றங்கரையில் அமைந்த திருக்கோவிலூர் அதற்கு ஏற்ற இடம்.

ஜம்பையும் வெண்ணெய்நல்லூரும்

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊர், அதியமான் நெடுமானஞ்சியைக் குறிக்கும் தமிழி எழுத்துக் கல்வெட்டால் ஆய்வுலகில் புகழ்பெற்றது. அவ்வூர்ச் சிவன் கோவிலில் உள்ள சோழர்காலக் கல்வெட்டுகள், 1906ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினரால் படியெடுக்கப்பட்டவை, அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நீதி வரலாற்றில் அவை அரிய சான்றுகள்.

அவற்றுள் ஒன்று வேட்டையில் நிகழ்ந்த இறப்பைப் பற்றியது. வேட்டைக்குச் சென்ற ஒருவன் எய்த அம்பு குறி தவறி வேளாளன் ஒருவனைக் கொன்றது. 79 நாட்டார் கூடி அச்செயலை ஆராய்ந்தனர். கருதிச் செய்த கொலை அன்று எனினும் பிழை பிழையே எனக் கொண்டு, கோவிலில் விளக்கெரிக்க ஏற்பாடு செய்யுமாறு பணித்தனர். மற்றொன்று இதனினும் கடுமையானது. வரி தண்டும் அலுவலன் ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தான் வரி செலுத்தக் கடமைப்பட்டவள் அல்லள் என அவள் மறுத்தாள். மெய்ப்பிக்குமாறு அவளைச் சோதனைக்கு உட்படுத்தினான். அவள் நஞ்சுண்டு இறந்தாள். நாற்றிசையிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் கூடிய அவையினர் அவ்வலுவலனே அவ்விறப்புக்குப் பொறுப்பு என முடிவு செய்தனர். அவன் கோவில் விளக்குக்குக் காசு அளித்தான்.

தண்டனையின் தன்மை இக்கால நோக்கில் விவாதத்துக்குரியது. ஒரு பெண்ணின் உயிருக்கு விளக்குக் கொடை ஈடாகுமா என்ற வினா எழுவது இயல்பே. இக்கட்டுரையின் கருத்து வேறொரு கூற்றில் நிலைகொள்கிறது. வரி தண்டிய அலுவலன் மீதான முடிவு, அவன் ஊரார் நாள்தோறும் கடந்து செல்லும் கோவிற்சுவரில் பொறிக்கப்பட்டது. குற்றம், கூடியோர், முடிவு, ஈடு என நான்கும் அதில் உள்ளன. அது அவ்வட்டாரத்து மொழியிலேயே எழுதப்பட்டது. எழுத்தறியாதவரும் அவ்விளக்கைக் கண்டு அது ஏன் எரிகிறது என்பதை அறிய வாய்ப்பிருந்தது. தீர்ப்பின் நினைவு அணையா விளக்காகவே ஊர் நடுவில் நின்றது எனலாம்.

திருக்கோவிலூருக்குக் கிழக்கே, பெண்ணையின் தென்கரையில் உள்ள திருவெண்ணெய்நல்லூர் தமிழ் இலக்கியத்தின் மிக விரிவான வழக்கு விசாரணைக் காட்சிக்குக் களம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் காட்டும் அவ்வழக்கை ஆய்வாளர் நன்கறிவர். ஆளோலையின் படியைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். மூல ஓலை தம்மிடம் உள்ளதென முதியவர் கூறுகிறார். ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றில் ஒன்றால் வழக்கை நிறுவுமாறு அவையோர் கேட்கின்றனர். மூல ஓலை அவையில் வந்ததும் கரணத்தான் அதை வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனார் எழுத்து, காப்பில் இருந்த மற்றோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகிறது.

இது பக்திக் காப்பியத்தின் சித்திரிப்பு. வரலாற்று ஆவணம் அன்று. எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் ‘முறையான விசாரணை’ என எதைக் கருதினார் என்பதற்கு இது நல்ல சான்று. படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு, ஆவணக் காப்பிடம், எழுத்து ஒப்பீடு ஆகியவை இக்கால ஆவணச் சான்று விதிகளுக்கு அயலானவை அல்ல. ஓலை அவையில் உரக்க வாசிக்கப்படுகிறது என்பதே இங்கு முதன்மையானது. அவைக்கு வந்தவர், ஓதுவார் ஆயினும் உழவர் ஆயினும், வழக்கின் அடிப்படை ஆவணத்தைத் தம் செவியால் கேட்கின்றனர்.

இவ்வவைகளை மக்களாட்சி மன்றங்களாகப் போற்றுவது பொருந்தாது. அவற்றில் அமர்ந்தோர் நிலமும் குலமும் உடையோர். அவை யாருக்குத் திறந்திருந்தன என்ற கேள்விக்குக் கல்வெட்டுகள் தரும் விடை குறுகியதே.

தண்டோராவும் தாளும்

ஆங்கிலேய ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த திருக்கோவிலூரில் மாவட்ட முன்சீப் நீதிமன்றம் இயங்கியது. 1862இல் நிறுவப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுப்புகளில், அம்முன்சீப் நீதிமன்றத்தில் தொடங்கிய நிலத் தகராறுகளைக் காணலாம். அங்கிருந்து மேல்முறையீடு கடலூர் செல்லும், பின் சென்னை செல்லும். வழக்கு மேலே செல்லச் செல்ல அதன் மொழி தமிழிலிருந்து விலகும்.

காலனிய நீதிமன்றம் முழுவதும் தாளால் ஆனது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பயில்வோர் அதில் வேறொன்றையும் காண்பர். அசையாச் சொத்தைப் பற்றுகை செய்யும் உத்தரவைப் பற்றிய 21ஆம் கட்டளை, 54ஆம் விதி, அவ்வுத்தரவைச் சொத்து உள்ள இடத்தில் பறையறைந்தோ அவ்வூர் வழக்கப்படி வேறு வகையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது. நகலைச் சொத்திலும் நீதிமன்றக் கட்டடத்திலும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். நிலம் ஊரில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அழைப்பாணையைப் பெற மறுப்பவரின் வாயிற்கதவில் அதை ஒட்டிவிட்டுச் செல்லும் அமீனாவின் அதிகாரமும் அச்சட்டத்திலிருந்தே வருகிறது. நீதிமன்ற வாயிலில் டவாலி மும்முறை பெயர் கூவி அழைக்கும் வழக்கமும் இதே உலகைச் சேர்ந்தது. எழுத்தறிவு குறைந்த சமூகத்தில் நீதிமன்றச் செய்தி காதுக்கும் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பதை அச்சட்டத்தை வரைந்தோர் உணர்ந்திருந்தனர். அவர்கள் நோக்கம் கடன் வசூலாக இருக்கலாம். வழிமுறை மட்டும் ஊரறிந்தது.

உள்ளே நிலைமை வேறு. வழக்கின் அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை அறிய வழக்கறிஞரின் குமாஸ்தாவை நாட வேண்டும். தீர்ப்பின் நகலுக்கு மனு எழுதி, முத்திரை வில்லை ஒட்டி, நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையைப் பலமுறை பார்க்க வேண்டும். மாவட்ட எல்லைகளின் மாற்றமும் இதில் சேர்ந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது திருக்கோவிலூர் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை நில ஆவணங்கள் மூன்று மாவட்டத் தலைநகரங்களின் பெயர்களைத் தாங்கியிருக்கக்கூடும்.

பதினாறு எழுத்துகளில் ஒரு வழக்கு

உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு 2004இல் அமைக்கப்பட்டது. 2005இல் தேசியக் கொள்கை வரைவு வந்தது. மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் முதற்கட்டம் கணினி, வலையமைப்பு ஆகியவற்றை மாவட்ட, வட்ட நீதிமன்றங்களுக்குக் கொண்டு சேர்ப்பதில் கழிந்தது. 2015இல் தொடங்கிய இரண்டாம் கட்டமே பொதுமக்கள் கண்ணில் பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டது. நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியுள்ளன என்பதை இன்று எவரும் தம் கைப்பேசியில் காண முடிவது அதனால்தான். முன்னர் இத்தகைய எண்ணிக்கைக்கு நாடாளுமன்றத்தில் வினா எழுப்ப வேண்டியிருந்தது.

இத்திட்டத்தின் உயிர்நிலை வழக்குப் பதிவெண். மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் நான்கு எழுத்துகள், நீதிமன்றத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், வரிசை எண்ணுக்கு ஆறு, ஆண்டுக்கு நான்கு எனப் பதினாறு குறிகளால் ஆனது அது. இவ்வெண் தெரிந்தால் வழக்கின் நிலை, அடுத்த விசாரணை நாள், இடைக்கால உத்தரவுகள், தீர்ப்பு ஆகியவற்றை இணையத்திலோ செயலியிலோ பெறலாம். குமாஸ்தாவை மட்டுமே நம்பியிருந்த வழக்காடுபவருக்கு இது சிறு மாற்றம் அன்று. வாய்தா தவறி, தம்மையறியாமல் ஒருதலைத் தீர்ப்புக்கு ஆளாகும் ஏழை உழவரின் இடரை ஒரு குறுஞ்செய்தி தடுக்க முடியும்.

2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மூன்றாம் கட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அதன் பகிர்வு திட்டத்தின் மனப்போக்கைக் காட்டுகிறது. பழைய, நடப்பு வழக்கு ஆவணங்களை வருடி எண்ணிம வடிவாக்க ஏறத்தாழ 2,038 கோடி. மேகக் கணிமைக் கட்டமைப்புக்கு ஏறத்தாழ 1,205 கோடி. நீதிமன்ற வளாகங்களில் மக்களுக்கு உதவும் மின்சேவை மையங்களுக்கு ஏறத்தாழ 394 கோடி. ஆவணம் நீதிமன்றத்தின் உடைமை, அதற்குப் பெரும்பங்கு. ஆவணத்தை நாடி வரும் மனிதருக்கு உதவுவோருக்குச் சிறுபங்கு. ஆவணக் காப்பின் தேவையை எவரும் மறுக்கவியலாது. கரையானுக்கு இரையான தாள்கட்டுகளை நகல் பிரிவுகள் அறியும். ஆயினும் இணையத் தேடலின் வாயிலில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த சரிபார்ப்புக் குறியைத் தட்டச்சிட வேண்டியுள்ள நிலையில், உதவி மையமே பலருக்கு உண்மையான கதவு. அக்கதவில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கை, பயிற்சி, பொறுமை ஆகியவை கட்டமைப்பு என்ற சொல்லுக்குள் வருவதில்லை.

மின்வழித் தாக்கலைக் கீழமை நீதிமன்றங்களில் கட்டாயமாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் இப்பின்னணியில் காண வேண்டும். அதைப் பழமைப்பற்று எனத் தள்ளுவது எளிது. சென்னையின் பெரிய அலுவலகமும், குமாஸ்தா ஒருவரை மட்டும் கொண்ட வட்டத் தலைநகர் வழக்கறிஞரும் ஒரே நாளில் ஒரே முறைக்கு மாற இயலாது என்பதும் அவ்வெதிர்ப்பில் இருந்தது.

காட்சியும் கேள்வியும்

2018 செப்டம்பர் 26 அன்று ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசமைப்பு முக்கியத்துவம் உடைய வழக்குகளின் விசாரணையை நேரலையில் ஒளிபரப்பலாம் என்றது. தீர்ப்புக்கும் செயலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2020 அக்டோபரில் குசராத்து உயர்நீதிமன்றம் முந்திக்கொண்டது. உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2022 செப்டம்பர் 27 முதல் நேரலைக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்துக் காணொலி விசாரணை இத்தயக்கத்தைக் குறைத்தது என்பது வெளிப்படை.

வட்ட நீதிமன்றத்தில் நிலைமை தலைகீழ். அங்கு கதவு எப்போதும் திறந்தே இருந்துள்ளது. பார்வையாளர் அமரத்தான் இடமில்லை. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, காசோலை வழக்கு, ஜீவனாம்சம் ஆகியவற்றை நேரலையில் காட்டுவது யாருக்குப் பயன்படும் என்பதும் ஐயத்துக்குரியது. சாட்சி கூறும் பெண்ணின் முகம் வெட்டி ஒட்டிய காணொலியாக ஊரில் உலவும் ஆபத்து, அரசமைப்பு விவாதத்தில் இல்லை. திறந்தநிலைக்கு ஒரே அளவுகோலை உச்ச நீதிமன்றத்துக்கும் முன்சீப் நீதிமன்றத்துக்கும் பயன்படுத்துவது பிழையாகும்.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவு பழைய திறந்த நீதிமன்ற விதியைத் தொடர்கிறது. பாலியல் குற்ற வழக்குகளுக்கு மூடிய விசாரணையையும் தொடர்கிறது. 530ஆம் பிரிவு விசாரணையை மின்னணு முறையில் நடத்த இடமளிக்கிறது. 392ஆம் பிரிவின்படி, இயன்ற அளவு, தீர்ப்பு நாளிலிருந்து ஏழு நாள்களுக்குள் அதன் நகலை நீதிமன்றம் தன் தளத்தில் பதிவேற்ற வேண்டும். நகல் மனுவின் நூற்றாண்டு வரலாற்றில் இது பெரிய திருப்பம். ‘இயன்ற அளவு’ என்ற தொடரின் நெகிழ்ச்சி எவ்வளவு என்பதை நடைமுறையே காட்டும்.

யார் மொழியில்?

தீர்ப்பு ஏழு நாளில் தளத்துக்கு வந்துவிட்டது எனக் கொள்வோம். அதை வழக்காடியவர் படிக்க முடியுமா என்பது அடுத்த வினா. 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தங்களும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்துள்ளன. சாட்சியம் தமிழில் பதிவாகிறது. தீர்ப்புகளில் ஆங்கிலமும் தமிழும் கலந்தே வழங்குகின்றன. உயர்நீதிமன்றத்தில் அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே மொழி. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் ஆளுநர் மாநில ஆட்சிமொழியை அனுமதிக்க அவ்வுறுப்பின் இரண்டாம் கூறு வழிசெய்கிறது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இவ்வொப்புதல் கிடைத்தது. தமிழுக்காகச் சட்டப்பேரவை 2006 திசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 2012 அக்டோபரில் கூடி இத்தகைய முன்மொழிவுகளை ஏற்பதில்லை என முடிவு செய்தது.

தொழில்நுட்பம் இவ்விடைவெளியை வேறு வழியில் நிரப்ப முயல்கிறது. 2019 நவம்பரில் அறிமுகமான ‘சுவாஸ்’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளும், 2023 சனவரி முதல் மாநில மொழிகளில் வெளியாகும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மொழிபெயர்ப்புகளும் அம்முயற்சியின் விளைவுகள். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் மொழிபெயர்க்கப்படுபவை பெரும்பாலும் சட்ட மாணவருக்கும் ஆய்வாளருக்கும் பயன்படும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். திருக்கோவிலூர் வழக்காடுபவருக்கு வேண்டியது தம் இடைக்கால உத்தரவின் மூன்று வரிகள். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘வாய்தா’வும் ‘தள்ளிவைப்பு’ம் ‘தள்ளுபடி’யும் குழம்பினால் அம்மூன்று வரிகளின் பொருளே மாறிவிடும். வழக்கு மன்றச் சொற்களை ஊர்வழக்கோடு தொகுக்கும் பணியில் தமிழ்த் துறைகளுக்குப் பங்கு உண்டு. இதுவரை அது சட்டத் துறையினரின் வேலை எனவே விடப்பட்டுள்ளது.

கரணத்தான் ஓலையை உரக்க வாசித்த வெண்ணெய்நல்லூர்க் காட்சி இங்கு நினைவுகூரத்தக்கது. ஆவணம் அவையில் இருந்தது என்பதோடு சேக்கிழார் நிறுத்தவில்லை.

மலையின் வழக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள கல்வராயன் மலை, ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இந்திய விடுதலைக்குப் பின்னும் ஒரு தலைமுறைக் காலம் அங்கு நீதி என்பது வேறொரு வாயிலில் கேட்கப்பட்டது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததைத் தொடர்ந்து, சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி, வாழ்வாதாரம் ஆகியவை நீதிமன்றத்தின் வினாக்களாயின. சாராய இறப்புகள் பற்றிய புலனாய்வை அவ்வாண்டு நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

மலைமக்களுக்கு நீதிமன்றக் கதவு திறந்தது அவர்கள் மனுவால் அன்று, அடிவாரத்து இறப்புகளால். வழக்கின் பதிவெண், நிலை, உத்தரவு யாவும் இணையத்தில் உள்ளன. வழக்கு யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்கள் சென்னையிலிருந்து தொலைவில், அலைபேசிச் சைகை எட்டாத ஊர்களும் உள்ள மலையில், தமக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உத்தரவுகளுக்குரியோராக இருக்கின்றனர். பற்றுகை உத்தரவைப் பறையறைந்து சொல்லும் சட்டம், மக்களுக்குச் சாதகமான உத்தரவை ஊரில் சொல்ல எவ்வழியையும் வகுக்கவில்லை. ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழ்ச் சுருக்கம் ஒட்டுவதற்கு மேகக் கணிமை தேவையில்லை.

அழிக்கப்படாத பெயர்

திறந்த தரவுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தம் பெயரை மறைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, தெளிவான சட்ட அளவுகோல் இல்லாத நிலையில் அவ்வாறு ஆணையிட இயலாது எனக் கூறி மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இருவர் அமர்வு அம்முடிவை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் தனியார் தளம் ஒன்று அத்தீர்ப்பை நீக்கவும் ஆணையிட்டது. அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இரு தரப்பும் வலிமையானவை. தீர்ப்பு பொது ஆவணம். அதில் ஒரு பெயரை நீக்கத் தொடங்கினால் எல்லை எங்கே என்ற கேள்வி எழும். மறுபுறம், விடுதலைத் தீர்ப்பு தேடுபொறியில் குற்றச்சாட்டாகவே தெரிகிறது. திருமணத்துக்கும் வேலைக்கும் பெயரைத் தேடுவோர் கடைசிப் பத்தி வரை படிப்பதில்லை. தாள்கட்டுக் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. தீர்ப்பு பொதுவில் இருந்தது, ஆனால் நகல் பிரிவின் தாமதமே விடுவிக்கப்பட்டவருக்கு ஒரு திரையாக இருந்தது. ஜம்பைக் கல்வெட்டும் ஒருவகையில் அழியாப் பெயர்ப் பதிவே. எனினும் அதைப் படித்தோர் அவ்வூரார். விளக்கு எரிவதையும் அவன் ஈடு செலுத்தியதையும் சேர்த்தே அறிந்தோர். இன்றைய தேடல் முடிவில் குற்றச்சாட்டு முதலில் வருகிறது. விடுதலை என்ற சொல், அதே பக்கத்தில் இருந்தாலும், அடுத்த திரையில்தான் உள்ளது.